16 ஆண்டுகள் தாங்கிய அம்மா இப்போது ஏன் தளர்ந்தார்?

புதுக்குடியிருப்புப் பக்கமாக உள்ள ஒரு கிராமத்திலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

2009 மே மாதத்தில், போரின் கடைசி நாள்களில், குடும்பத்தோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று சொல்லப்பட்ட ஒரு வரிசையில், 18 வயதான அவருடைய அண்ணா, அம்மாவின் கண் முன்னாலேயே நடந்து போனார். அதன்பின் எந்தத் தகவலும் இல்லை. மனிக்பாம் முகாமில் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பியபோது, ஷெல் காயத்தால் அப்பாவுக்குப் பாரமான வேலை எதுவும் செய்ய முடியவில்லை. அம்மாதான் கோழி வளர்த்து, கச்சான் போட்டு, கூலிக்குப் புல்லுப் பிடுங்கி, வீட்டுத்திட்ட வீட்டையும் கட்டி முடித்து, மகளையும் படிப்பித்தார். "அந்தக் காலத்தில அம்மா அழுது நான் கண்டதே இல்லை" என்று எழுதுகிறார் மகள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். 2025 ஆகஸ்டில், செம்மணி சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொருள்களைப் பொதுமக்கள் அடையாளம் காண்பதற்காகக் காட்சிக்கு வைத்தபோது, அந்தப் படங்கள் மகளின் கைத்தொலைபேசிக்கும் வந்தன. அம்மா ஒவ்வொரு படத்தையும் விரல்களால் பெரிதாக்கி, துணிகளின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்மணி யாழ்ப்பாணம், அது தொண்ணூறுகளின் விடயம், அண்ணாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மகள் சொன்னதற்கு, "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடர்ந்து பார்த்தார். அன்று முதல் அவருக்கு நித்திரை இல்லை. படலை தெரியும்படி விறாந்தையில் பாயைப் போட்டுப் படுக்கிறார். அரிசி, பருப்பு, அடையாள அட்டை, காணி உறுதி எல்லாவற்றையும் ஓர் உரப்பையில் கட்டி வைத்திருக்கிறார். நெஞ்சு படபடக்கிறது, கைகால் உளைகிறது, அடிக்கடி பெருமூச்சு விடுகிறார். இரண்டு தடவை பானையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். "நான் ஏன் இன்னும் இருக்கிறன்" என்று சில நாள்களில் சொல்கிறார். சித்தி பாமசியில் வாங்கிக் கொடுத்த நித்திரைக் குளிசையை மூன்று மாதமாகப் போட்டு வருகிறார்.

மகளுக்கு வவுனியாவில் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. கூட வந்து இருக்கும்படி கேட்டால், "அவன் வாற நேரம் ஆரும் இல்லாத வீட்டையே காணுறது?" என்று அம்மா மறுக்கிறார். மரணச் சான்றிதழ் எடுத்து அந்தியேட்டியும் செய்து முடித்தால் அம்மாவின் மனம் ஆறிவிடும், அவருக்குச் சொல்லாமலே செய்யலாம் என்பது தாய்மாமனின் யோசனை. வன்னியில் எல்லோருக்கும் உள்ளதுதானே, இதற்கும் வைத்தியமா என்றும் அவர் கேட்கிறார். இவ்வளவு காலம் கழித்து இது வருமா, மாமா சொல்வதைச் செய்யலாமா, திருமணத்தை நிறுத்த வேண்டுமா என்பன மகளின் மூன்று கேள்விகள்.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன். வரும். உயிராபத்தான அனுபவங்களுக்குப் பிறகு ஏற்படும் மன நெருக்கீட்டு நோய், ஆறு மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து முழு வடிவில் வெளிப்படலாம் என்பதை உளமருத்துவம் நீண்ட காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இது புதிதாக வந்தது என்ற உங்கள் எண்ணத்தைச் சற்று மாற்றிப் பார்க்கும்படி கேட்கிறேன். இந்த 16 ஆண்டுகளில் அம்மா கதவைப் பூட்டிவிட்டு விடியும்வரை நிம்மதியாக நித்திரை கொண்ட நாள்கள் எத்தனை இருக்கும்? யாராவது படலையைத் திறந்தால் கை வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு எப்போதிருந்து இருக்கிறது? யோசித்துப் பார்த்தால், அந்த விழிப்பு இத்தனை ஆண்டுகளும் அவருக்குள் இருந்தது என்பதும், பாரமான வேலை செய்ய முடியாத கணவர், பாடசாலை போகும் மகள், கூரை போடாத வீடு என்று அடுத்தடுத்து வந்த கடமைகள் அதைத் தாங்கிப் பிடித்திருந்தன என்பதும் உங்களுக்கே தெரியவரும். இப்போது வீடு கட்டியாகிவிட்டது, கணவர் இல்லை, மகளும் புறப்படப் போகிறார். தாங்கியிருந்த கப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்ற வேளையில்தான் செம்மணிப் படங்கள் வந்திருக்கின்றன. அம்மா அழாததை நீங்கள் அவருடைய மனத் துணிவு என்று எழுதியிருக்கிறீர்கள். துணிவுதான், ஆனால் அழுவதற்கு அவருக்கு ஒரு நாள்கூட ஓய்வு கிடைக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது.

அந்த உரப்பையைப் பற்றி நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 2009 ஜனவரியிலிருந்து மே வரை விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், பொக்கணை, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்துகொண்டே இருந்த சனத்தில், பையை ஆயத்தமாக வைத்திருந்தவர்களுக்குத்தான் ஒரு நேரக் கஞ்சிக்காவது அரிசி இருந்தது. பங்கருக்குள் கிடந்து, பையைக் கட்டி வைத்து, பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த உடம்பு, ஆபத்து வரும் என்று மீண்டும் உணரும்போது தனக்குத் தெரிந்த அதே வேலையைச் செய்கிறது. ஆகவே அந்தப் பையை அவிழ்க்காதீர்கள். அதைச் சொல்லி அவரைக் கேலி செய்யவும் யாரையும் விடாதீர்கள். நித்திரை திரும்பி, படபடப்பும் குறைந்த பிறகு, அரிசியில் வண்டு பிடிக்கிறது என்று சொல்லி அம்மாவே அதை எடுத்து உலைக்குப் போடுவார். அப்படி நடந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். போர் முடிந்து சில மாதங்களுக்குள், 2009 நடுப்பகுதியில், யாழ்ப்பாண மாவட்டத்தில் வீடுவீடாகச் சென்று செய்யப்பட்ட ஓர் ஆய்வில் மன நெருக்கீட்டு நோயின் அறிகுறிகள் 7 வீதமானவர்களிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானவர்களிடமும், பதகளிப்பு எனப்படும் மிகைப் பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதமானவர்களிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. வன்னி பட்டது அதைவிடப் பெரிது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் உள்ளதுதானே என்ற சொல் இரண்டு வழிகளில் கெடுதல் செய்கிறது. அவ்வளவையும் பட்ட பின்னரும் நோயில்லாமல் வாழும் பெரும்பான்மையான சனத்தை அது நோயாளியாக்குகிறது. உண்மையில் வைத்தியம் வேண்டியவருக்கு, பொதுத் துயரம்தானே என்று சொல்லி வைத்தியத்தை மறுக்கிறது. ஊர் முழுவதும் காய்ச்சல் என்பதற்காக அம்மாவின் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் விடுவோமா?

அம்மாவின் வைத்தியம்

முதலில், "நான் ஏன் இன்னும் இருக்கிறன்" என்ற சொல். துக்கம் தாளாத மனிதர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. எனினும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்து விட்டுவிடக் கூடாது. அம்மா தனியாக, அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, "அம்மா, சாக வேணும் எண்டு யோசினை வாறதோ? ஏதும் செய்ய வேணும் எண்டு நினைச்சனீங்களோ?" என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. கேட்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பாரம் குறைகிறது. கச்சான் தோட்டத்துக்கு வாங்கிய களைநாசினியோ பூச்சிநாசினியோ வீட்டில் இருந்தால் இன்றைக்கே அதை வீட்டை விட்டு அகற்றுங்கள், நித்திரைக் குளிசையையும் உங்கள் கையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொடுங்கள். 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளில் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய நாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதோடு பெருமளவு குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமற்போவது அவ்வளவு பெரிய காவல். செய்ய நினைத்திருக்கிறேன் என்று அம்மா சொன்னால், கிளினிக் நாளைப் பார்த்துக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்த நேரத்திலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கோ, அவசரமானால் 1990 அம்புலன்சுக்கோ அழைக்கலாம். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. ஆகவே பொலிசுக்குப் பயந்து யாரும் தாமதிக்க வேண்டியதில்லை.

நித்திரைக் குளிசை விடயத்தில் சித்தியின் நோக்கம் நல்லது, வழி பிழையானது. பாமசியில் இவ்வாறு வாங்கப்படுவன பெரும்பாலும் டயசிபாம், குளோனாசிபாம் வகையைச் சேர்ந்தவை. அவை சில இரவுகளுக்கு நித்திரையைத் தரும். சில வாரங்களில் உடம்பு பழகிவிடும். மறதியையும் வயதானவர்களுக்குத் தடுமாறி விழும் ஆபத்தையும் கூட்டும். அடியில் கிடக்கும் நோயை ஆற்றாது. ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து போட்டவர் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, வலிப்புக்கூட வரலாம். எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று அந்தப் பட்டையையே வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சிறிது சிறிதாகக் குறைத்துத் தருவார்.

மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிச் செல்லுங்கள். விசர் கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று அவர் சொன்னால், நித்திரையில்லாமைக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் மருந்தெடுக்கப் போவதாகச் சொல்லலாம். அது பொய்யல்ல, அவைதான் அவருடைய முறைப்பாடுகள். போனதும், தைரொயிட், இரத்தச்சோகை, சீனி, பிரஷர் ஆகியவற்றையும் பார்க்கும்படி கேளுங்கள். படபடப்பும் உளைவும் இவற்றாலும் வரும். பானையை மறந்த செய்தியையும் கட்டாயம் சொல்லுங்கள். நித்திரையில்லாதவருக்கும் இந்தக் குளிசை போடுபவருக்கும் மறதி வருவது சாதாரணம். என்றாலும் அம்மாவின் வயதில் ஞாபகசக்தியை ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

செர்ட்ராலின், புளுஒக்செற்றின் போன்ற மருந்தொன்றை வைத்தியர் தொடங்கினால் அது வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுக்கும். முதல் வாரத்தில் வயிற்றுக்குமட்டலும் சற்றுப் பதற்றமும் வரக்கூடும். பத்து நாளில் ஒரு குணமும் இல்லை என்று நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் இழப்பு. இவை மூளையை மழுங்கடிப்பதுமில்லை, அடிமையாக்குவதுமில்லை. உளவளத்துணையாளரிடம் போனால் நடந்ததெல்லாவற்றையும் முதல் நாளே சொல்லவைப்பார்களோ என்று அம்மா பயந்தால், அதுவும் தேவையில்லை என்று உறுதி கூறுங்கள். கடற்கோளையும் போரையும் கண்ட 31 சிறுவர்களிடம் வடகிழக்கில் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்லவைத்த சிகிச்சையும், கதையைத் தொடாமல் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பித்த சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. அவர்கள் பிள்ளைகள், அம்மா பெரியவர். இருந்தாலும் ஆறுவதற்குப் பல பாதைகள் இருக்கின்றன என்பதற்கு இது நம் மண்ணிலிருந்தே கிடைத்த சான்று.

பார்வை பார்ப்பதையும் நூல் கட்டுவதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அடிக்காத, பட்டினி போடாத, குளிசையை நிறுத்தச் சொல்லாத எதையும் நான் தடுக்க மாட்டேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக அம்மா ஆசைப்பட்டால் கட்டாயம் கூட்டிப்போங்கள். சனத்தோடு சனமாக இருந்து கண்ணீர் விட்டுக் கும்பிட்டுவிட்டு வரும் ஓர் இரவு, அவருக்கு நாங்கள் கொடுக்க முடியாததைக் கொடுக்கும்.

மரணச் சான்றிதழும் அந்தியேட்டியும்

அம்மாவுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். இந்தக் கடிதத்தில் மிக உறுதியாகச் சொல்வது இதைத்தான்.

மாமா கெட்டவரல்லர்; தமக்கையின் துயரத்துக்கு ஒரு முடிவைத் தேடுகிறார். ஆனால் செத்தவீட்டுத் துக்கமும் அம்மாவின் துக்கமும் ஒன்றல்ல. உடலைக் கண்டு, கொள்ளி வைத்து, எட்டுச் செலவு செய்து, 31ஆம் நாள் அந்தியேட்டியும் முடித்தால், மனத்துக்கு நடந்து போக ஒரு வழி அமைகிறது. ஆளும் இல்லை, உடலும் இல்லை என்ற நிலையில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் தெளிவற்ற இழப்பு என்று இதற்குப் பெயரிட்டு, காணாமற்போனவர்களின் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றியவர். முடித்துவை, மறந்துவிடு என்று அந்தக் குடும்பங்களை நெருக்கக் கூடாது என்பதே அவர் தொடர்ந்து சொல்லி வந்தது. அம்மா உண்மையை ஏற்க மறுக்கிறார் என்று நீங்கள் எழுதியதை ஒருமுறை திருப்பிப் படித்துப் பாருங்கள். அவர் கடைசியாகக் கண்டது உயிரோடு நடந்து போன மகனை. அதற்கு மாறான ஒரு சான்றையும் இன்றுவரை எவரும் அவரிடம் காட்டவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டமும் அந்தப் பதிலைத்தான் கேட்டது. பதில் கிடைக்காமலே அவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாதிருக்கும்போது, அம்மாவின் கையைப் பிடித்து அவர் மகனின் மரணத்தை அவரையே எழுதவைப்பது வைத்தியமாகாது. மறைத்துச் செய்து பின்னர் தெரியவந்தால், மகனைக் கைவிட்டவர்களின் வரிசையில் அவர் உங்களையும் சேர்த்துவிடுவார்; அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே துணையும் அன்றோடு போய்விடும்.

சட்டத்தில் வேறொரு வழி இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் கோரும் உறவினர், தம் நம்பிக்கையைச் சத்தியக்கடதாசியில் சொல்லவேண்டியிருக்கும். தெரியாததைத் தெரிந்ததாகச் சத்தியம் செய்வது மனத்துக்கும் பாரம். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஆள் இறந்தார் என்று சொல்லாமல், காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழுக்கும் இடமளிக்கப்பட்டது. உதவிகளைப் பெறுவதற்கும், காணாமற்போனவரின் பெயரிலுள்ள விடயங்களைக் கையாள்வதற்கும் அதைப் பயன்படுத்தலாம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், காணி அம்மாவின் பெயரில் இருப்பதால் இப்போதைக்கு எந்தச் சான்றிதழும் அவசரமாகத் தேவைப்படவில்லை. தேவை வந்தால் பிரதேச செயலகத்தில் கேட்டு, அம்மாவும் கூட இருந்து முடிவெடுக்கட்டும். சில தாய்மார் பல ஆண்டுகள் கழித்துத் தாமாகவே கடற்கரைக்குப் போய்க் கிரியை செய்கிறார்கள். சிலர் பிறந்தநாளுக்கு ஒரு படையல் வைத்துவிட்டு, மரணம் என்ற சொல்லை எடுக்காமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை.

திருமணமும் வீடும்

திருமணத்தை நிறுத்தாதீர்கள். நீங்கள் நிறுத்தினால் அம்மாவின் நோய் மாறாது. தன்னால் மகளின் வாழ்வும் போயிற்று என்ற குற்றவுணர்வுதான் சேரும். சிகிச்சை தொடங்கி அம்மா ஓரளவு தேறும்வரை, தேவையானால் சில மாதங்கள் தள்ளிவைக்கலாம். அந்தக் காலத்தில் அவரைத் தனியே விடவேண்டாம்.

வீட்டை விட்டு வரமாட்டேன் என்பதற்கு அம்மா சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு வழி செய்யுங்கள். வருகிறவர் யாருமில்லாத வீட்டைக் காணக் கூடாது என்பதுதானே அவருடைய கவலை? அயல்வீட்டாரிடமும், கிராம அலுவலரிடமும், கோயில் ஐயரிடமும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் வவுனியா முகவரியையும் எழுதிக் கொடுங்கள். அதை அம்மாவின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். விறாந்தைச் சுவரில் பெயின்ற்றால் இலக்கத்தை எழுதிவையுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவர் மாலையில் விளக்கேற்ற ஒழுங்கு செய்யுங்கள். பிறகு அம்மா உங்களோடு இரண்டு நாள், மூன்று நாள் என்று வந்து தங்கிப் பழகட்டும். கோழிகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் திரும்பிப் போக நினைத்தால் விடுங்கள். வேலையும் தோட்டமும் அயலும்தான் அவரை இத்தனை காலம் நிமிர்த்தி வைத்தவை. வவுனியாவில் ஓர் அறைக்குள் அவரைச் சும்மா இருத்திவைப்பது ஓய்வாகத் தெரியும், நோயைக் கூட்டிவிடும்.

உங்களைப் பற்றி நீங்கள் எழுதிய வரி

கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கு ஒன்றுமில்லை, நான் அப்போது சின்னப்பிள்ளை, ஒன்றும் ஞாபகமில்லை. வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் கை நடுங்கும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் நடுங்கிவிடுமோ என்று பயம்." நான்கு பக்கக் கடிதத்தில் உங்களுக்கென்று இவ்வளவுதான் இருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தவள். படங்களாக நினைவுக்கு வராதது உடம்பில் பதிந்திருக்கலாம். கை நடுங்குவது அதனாலாக இருக்கலாம். அண்ணாவைப் பற்றி வீட்டில் பேசினால் அம்மா உடைந்துபோவார் என்று நீங்களும், மகள் உடைந்துபோவாள் என்று அம்மாவும் 16 ஆண்டுகள் ஒருவருக்காக ஒருவர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறீர்கள். தமையனை இழந்தவர் என்று உங்களிடம் வந்து யாராவது துக்கம் கேட்டதுண்டா? நோய் வந்தது அம்மாவுக்கு, நான் பார்த்துக்கொள்பவள் மட்டும் என்ற எண்ணத்தை விடுங்கள். அண்ணா உங்களோடு விளையாடிய ஒரு விளையாட்டைப் பற்றி, அவர் சண்டை பிடித்த ஒரு நாளைப் பற்றி, சமைக்கும் வேளையில் நீங்களே அம்மாவிடம் பேச்செடுங்கள். இருவரும் அழுதால் அழட்டும்.

சத்தம் கேட்டுக் கை நடுங்கும்போது, இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி, மூச்சை உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி, கண்ணில் படும் பொருள்களின் பெயர்களை மெதுவாகச் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் ஒரு விளையாட்டாகப் பழக்கலாம். அவர்களில் பலருடைய வீடுகளிலும் சத்தத்துக்கு நடுங்கும் ஒருவர் இருப்பார். ரீச்சருக்கும் சில நேரம் பயம் வரும், பிறகு போய்விடும் என்று அவர்கள் கண்டுகொள்வதில் ஒரு கெடுதலும் இல்லை. உங்களைக் கட்டப்போகிறவரிடமும் திருமணத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் அன்று, உங்கள் பெயரையும் பதிந்து, உங்களுக்கென்று தனியாக ஒரு கிளினிக் கொப்பி போடச் சொல்லுங்கள்.